யாருங்க கடைசி?

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் பெனமாரில் அது மதியச் சாப்பாட்டு வேளையில் வந்தது. ஆகஸ்ட் மாசம். தார் ரோடு உருகுகிற வெயில்.

இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நடந்தது என் தோழி நியெவெஸுக்கு. நடந்த இடம், நான் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற அதே சுரங்க மியூசியம். அவள் வாயாலேயே எல்லாவற்றையும் கேட்டேன். கடைசியில் ஒன்றை மட்டும் என் கண்ணாலேயே பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

எங்கள் தாத்தா காலத்தில் உள்நாட்டுப் போர் நடந்தபோது கப்பலில் இருந்தும் விமானத்தில் இருந்தும் குண்டு விழுமே, அதற்குப் பயந்து சுரங்கத் தொழிலாளிகளை வைத்து ஊருக்கு அடியிலேயே தோண்டிய பதுங்கு சுரங்கம் அது. சதுக்கத்தில் படி இறங்கினால், வளைந்து வளைந்து போய் துறைமுகத்துப் பக்கம் ஏறலாம். இரண்டு பக்கச் சுவரிலும் நீளத்துக்கு சிமெண்ட் பெஞ்சு. நியெவெஸ் அங்கே வழிகாட்டி. பதினாறு வருஷமாய் அதே கதையைச் சொல்லி, அதே இடத்தில் பெருமூச்சு விட்டு, அதே இடத்தில் ஜோக் அடித்து வருகிறவள்.

ஆள் எண்ணுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. எதற்கு? எங்கள் ஊரில் ரொட்டிக் கடைக்குப் போனாலும், டாக்டரிடம் போனாலும், உள்ளே நுழைகிறவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "யாருங்க கடைசி?" கடைசியாக வந்தவர், "நான்தான்" என்பார். அவருக்கு அடுத்த ஆள் நீங்கள். முடிந்தது. வரிசையில் நிற்க வேண்டியதே இல்லை. இதற்குப் பொய் சொன்னவரை நான் பார்த்ததில்லை.

நியெவெஸும் அப்படித்தான். துறைமுகப் பக்கம் ஏறுகிற வாசலில் நின்று, "யாருங்க கடைசி?" என்று குரல் கொடுப்பாள். உள்ளிருந்து யாராவது "நான்தான்" என்றபடி வெளியே வருவார். உடனே சுவிட்சை அணைப்பாள். இரும்புக் கதவை இழுத்துப் பூட்டுவாள்.

அவளுடைய அப்பா கசிமிரோ. எண்பத்து நாலு வயசு. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாய் உதிர்ந்துகொண்டிருந்தது. மகள் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. ஆனால் அந்த ஒரு கேள்வி மட்டும் போகவே இல்லை. வீட்டு ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன்னால்கூட, "யாருங்க கடைசி?" என்று கேட்பார். நியெவெஸ் பாத்ரூமில் இருந்து, "நான்தான்ப்பா, இரு வர்றேன்" என்று கத்துவாள். சிரிப்பாகத்தான் இருக்கும். ராத்திரி மூன்று தடவை எழுந்து கேட்டால் சிரிப்பு வராது.

முதியோர் இல்லத்தில் விடு என்று செவில்லாவில் இருக்கிற தம்பி ஹசிந்தோ போனிலேயே உபதேசம் செய்வான். இவள் மாட்டேன் என்றாள். அம்மா சாகும்போது கையைப் பிடித்து வாங்கிக்கொண்ட சத்தியம். "அவரை வேற எங்கேயும் விட்டுடாதேடி." விடவில்லை. காலையில் மியூசியத்துக்குக் கூட்டிவந்து என் டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பாள். நானும் அவரும் வம்பு பேசிக்கொண்டிருப்போம்.

அந்தச் சனிக்கிழமை நான் இல்லை. கடைவாய்ப் பல் வீங்கி, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். என் இடத்தில் உட்கார்ந்தவன் புதுசு.

அன்றைக்கு என்று பார்த்து நியெவெஸுக்குப் பள்ளிக்கூடத் தோழிகளோடு விருந்து. வருஷத்துக்கு ஒரு தடவைதான். கடற்கரை ஓட்டலில், கணவாய் மீன் போட்ட சோறு. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஹசிந்தோ வருவதாகச் சொல்லியிருந்தான். காலையில் போன் வந்தது.

"அக்கா, கார் மக்கர் பண்ணுது."

"உன் கார் எனக்குத் தேவைப்படுற அன்னைக்குத்தாண்டா மக்கர் பண்ணும்."

போனை வைத்தாள். அப்பா காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு நின்றார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உன்னை எங்கேயாவது வச்சுப் பூட்டினாத்தான்ப்பா எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கும்!"

அவர் சிரித்தார்.

"சரி மகளே. சாவியைத் தொலைச்சுடாதே."

இதை என்னிடம் சொல்லும்போது அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

ஒரு மணி சுற்றுதான் அன்றைக்குக் கடைசி. புதுப் பையனிடம் அப்பாவை விட அவளுக்கு மனசில்லை. உள்ளேயே கூட்டிப்போனாள். வெளியே ஊர் வெந்துகொண்டிருக்க, கீழே ஜில்லென்று இருக்கும். நடுச் சுரங்கத்தில், பெஞ்சில் உட்கார வைத்தாள். தலையில் தொப்பியைச் சரிசெய்தாள்.

"இங்கேயே இருப்பா. இவங்களை அனுப்பிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்."

"நீ போ. எனக்கு என்ன அவசரம்?"

பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். வயாதோலித்தில் இருந்து வந்த ஒரு தம்பதி. அந்த அம்மாள் போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டே வந்தாள். நியெவெஸ் வழக்கமான இடத்தில் நின்று, வழக்கமான கதையைச் சொன்னாள்.

போர்க்காலத்தில் ஒரு நாள். அபாயச் சங்கு ஊதியது. ஊரே படியில் உருண்டு இறங்கியது. கதவுக்காரன் கேட்டான், "யாருங்க கடைசி?" இருட்டில் இருந்து ஒரு குரல், "நான்தான் கடைசி, மூடிடு!" மூடினான். குண்டு விழுந்தது. சங்கு அடங்கித் திறந்து பார்த்தால், வெளிப்படியில் ஒரு கிழவர். கதவில் கை வைத்தபடியே கிடந்தார். மெதுவாக நடக்கிறவர். பின்னால் வந்துகொண்டிருந்திருக்கிறார்.

"பொய் சொன்னது யாருங்க?" என்று வயாதோலித் அம்மாள் கேட்டாள்.

"அதான் தெரியலை. நூத்துக்கணக்கில் ஆள் இருந்தாங்க. நான்தான் சொன்னேன்னு ஒருத்தர் வாயைத் திறக்கலை."

வழக்கமான பெருமூச்சு. பிறகு எல்லோரும் நடந்தார்கள்.

துறைமுகப் பக்கம் வந்ததும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வறுத்த மீன் வாசனை வந்தது. நியெவெஸ் வாட்சைப் பார்த்தாள். மணி ரெண்டு இருபது. தோழிகள் உட்கார்ந்திருப்பார்கள். உதட்டுச் சாயம் போட்டுக்கொள்ளவாவது நேரம் வேண்டும்.

"யாருங்க கடைசி?"

ஒரு நொடி சத்தமில்லை.

பிறகு உள்ளிருந்து ஒரு பெண் குரல். களைத்த குரல்.

"நான்தான் கடைசி. மூடிடு மகளே."

யார் வெளியே வந்தது என்று அவள் கவனிக்கவில்லை. சுவிட்சை அணைத்தாள். டக். கதவை இழுத்தாள். கிணீங். பூட்டினாள்.

அப்பா அவள் நினைவிலேயே இல்லை. தினமும் அவர் என் ஜன்னலில்தானே இருப்பார்? வேலை முடிந்தால் பூட்டு, கிளம்பு, அப்பாவைத் துல்சேயிடம் இருந்து வாங்கிக்கொள். கைக்கும் காலுக்கும் பழகியது அதுதான். துல்சே நான்தான். நான் அன்றைக்குப் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன்.

சரி, என்னை விடுங்கள். அன்றைக்கு யாரையும் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை என்று அவள் உடம்புக்குத் தோன்றியிருக்கிறது. லேசாக இருந்ததாம். ஓட்டலுக்கு நடக்கும்போது பாட்டுக்கூட முணுமுணுத்திருக்கிறாள்.

சோறு வந்தது. ரெண்டு தட்டு சாப்பிட்டாள். ஜில்லென்று ஒயின். பழைய கணக்கு வாத்தியாரை எல்லோருமாகப் போட்டுக் கிழித்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தாள். காபி வரும்போது தோழி பவுலினா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"உங்கப்பா எப்படிடி இருக்கார்? இன்னைக்கு யார் பார்த்துக்கறா?"

ஸ்பூன் கீழே விழுந்தது.

மணி நாலு.

அவள் ஓடினாள். செருப்பு அறுந்தது. வீசிவிட்டு ஓடினாள். மதியத் தூக்க நேரம். எல்லா ஜன்னலும் அடைத்துக் கிடந்தது. எல்லாக் கடையும் சாத்திக் கிடந்தது. ஒரு நாய்கூடத் தெருவில் இல்லை. உதவிக்கு யாரைக் கூப்பிடுவாள்? கூப்பிட்டால் என்ன சொல்வாள்? என் அப்பாவை இருட்டில் வைத்துப் பூட்டிவிட்டு விருந்து தின்றேன் என்றா?

இரும்புக் கதவின் மேல் வெயில் முழுசாக விழுந்திருந்தது. தொட்டால் கை பொரிந்துவிடும். தொட்டாள்...

சில்லென்று இருந்தது.

பூட்டைத் திறந்தாள். சுவிட்சைப் போட்டாள்.

டக்.

விளக்கு எரியவில்லை.

டக். டக். டக்.

இல்லை. போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வெறுங்காலில் சிமெண்ட் தரை ஐஸாக ஏறியது.

"அப்பா!"

எதிரொலி வரும். அந்தச் சுரங்கத்தில் தும்மினாலே மூன்று தடவை கேட்கும். அன்றைக்கு வரவில்லை. ஆட்கள் நிறைந்த இடத்தில் பேசினால் சத்தம் அமுங்குமே... அப்படி அமுங்கியது.

நடந்தாள். முதல் வளைவு.

அங்கேதான் அது கேட்டது. முணுமுணுப்பு. டாக்டர் வீட்டுக் கூடத்தில் காத்திருக்கிறவர்கள் பேசுவார்களே, அந்தச் சத்தம். யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ "ஷ்ஷ்" என்றார்கள்.

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

நின்றுவிட்டது.

எல்லாச் சத்தமும், ஒரே நேரத்தில்.

"அப்பா... நான் நியெவெஸ்ப்பா..."

"இங்கேதான் இருக்கேன். கத்தாதே. எல்லாரும் பார்க்கறாங்க."

ரெண்டாவது வளைவு. வெளிச்சத்தை நீட்டினாள். பெஞ்சு. நீளமான காலிப் பெஞ்சு. அதன் நடுவில்தான் அவரை உட்கார வைத்துவிட்டுப் போனாள். இப்போது அவர் ஒரு ஓரத்தில் இருந்தார்.

ஓரம் என்றால் ஓரம். பாதி உடம்பு பெஞ்சில், பாதி வெளியே. முழங்காலைச் சேர்த்து, தோளைக் குறுக்கி, தொப்பியை மடியில் வைத்து... நெரிசல் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல.

பக்கத்தில் யாரும் இல்லை. அந்தக் கோடி வரைக்கும் யாரும் இல்லை.

"வாப்பா, போகலாம். என்னை மன்னிச்சுடுப்பா. வா."

"மெதுவா. அவங்க காலை மிதிக்காதே."

அவள் அழுதாள். அவர் கையைப் பிடித்தாள். அந்தக் குளிரில் வலது கை ஐஸாக இருந்தது. இடது கை... வெதுவெதுவென்று இருந்தது. ரொம்ப நேரமாய் யாரோ பிடித்திருந்த கைபோல. வியர்த்தும் இருந்தது.

இழுத்தாள். வரவில்லை.

"என்னப்பா?"

"இவ விடமாட்டேங்கறா."

"யாரு?"

"இவதான். பாவம். அழறா. அவங்கப்பா பின்னாடி வந்துட்டிருந்தாராம்."

நியெவெஸ் இரண்டு கையாலும் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தாள். யோசிக்கவில்லை. எதையும் பார்க்கவில்லை. ஏதோ விட்டது. இருவரும் எதிர்ச் சுவரில் போய் மோதினார்கள்.

நடந்தார்கள். அவரால் வேகமாய் நடக்க முடியாது. அவளால் மெதுவாய் நடக்க முடியவில்லை.

"நான் கூப்பிட்டேனே மகளே."

"கேட்கலைப்பா. சத்தியமா கேட்கலை."

"கேட்டுச்சே. நீ திரும்பிப் பார்த்தியே."

"பேசாம வாப்பா."

முதல் வளைவு. தூரத்தில் கதவு. வெள்ளை வெயில்.

பின்னால் காலடி.

ஒன்று இல்லை. பல. செருப்பு உரசுகிற சத்தம். இவர்கள் நின்றால் நிற்கும்.

நடந்தால்... நடக்கும்.

படி. ஒன்று. இன்னொன்று. அவர் மூச்சு வாங்கினார். அவள் தள்ளினாள்.

வாசல்.

வெளியே இழுத்தாள். கதவைப் பிடித்தாள்.

அப்போது, உள்ளே, மிக அருகில்...

"யாருங்க கடைசி?"

ஆண் குரல். கதவுக்காரன் கேட்பதுபோல அதட்டலாக.

அப்பாவின் முகம் மலர்ந்தது. அவருக்குத் தெரிந்த கேள்வி. எல்லாம் மறந்த பிறகும் மறக்காத கேள்வி. திரும்பினார். வாயைத் திறந்தார்.

அவள் பொத்தினாள்.

உள்ளங்கையால், பல் படும் அளவுக்கு இறுக்கிப் பொத்தினாள். கைக்கு அடியில் அவர் உதடு அசைந்தது. நான்தான். நான்தான். நான்தான். சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

காலால் கதவைத் தள்ளினாள்.

கிணீங்.

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போவதைவிட மரியாதைக்கேடு கிடையாது. அவள் சொல்லவில்லை.

பெரியவருக்கு உடம்பில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்சைப் போட்டான், எரிந்தது. ஒயரில் ஒரு கோளாறும் இல்லை. நியெவெஸ் நகராட்சியில் எதையும் மறைக்கவில்லை. "கடைசி நான்தான்னு ஒரு பொம்பளை சொன்னா. அதை நம்பிப் பூட்டினேன். ஆனாலும் தப்பு என்னோடதுதான்" என்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை. ஹசிந்தோகூடத் திட்டவில்லை. "நீ என்னக்கா பண்ணுவே, எவளோ பொய் சொன்னதுக்கு?" என்றான். அதற்குப் பிறகு அங்கே ஆட்களை விரல் விட்டு எண்ணித்தான் அனுப்புகிறார்கள்.

அவளுக்குத்தான் ஆறவில்லை. "ரெண்டு தட்டு தின்னேன் துல்சே" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! "அவர் இருட்டுல கிடக்கார், நான் ரெண்டாவது தட்டு வாங்கித் தின்னேன்." எது தின்றாலும் தொண்டையில் நிற்கிறது என்பாள்.

அப்பா அதன் பிறகு எதிலும் நடுவில் உட்காரவே இல்லை. வீட்டுச் சோபாவில் ஓரம். பூங்கா பெஞ்சில் ஓரம். பக்கத்தில் இடம் விட்டு, குறுகி உட்காருவார். நான் ஒருநாள் அந்த இடத்தில் உட்காரப் போனேன். "இருங்க, ஆள் இருக்கு" என்றார் மரியாதையாக. பிப்ரவரியில் செத்துப்போனார். தூக்கத்திலேயே. அகலமான கட்டிலின் ஓரத்தில், விழப் போகிற மாதிரி கிடந்தார். இடது கை நடுக்கட்டிலை நோக்கி நீண்டிருந்தது. விரல்கள் மூடியிருந்தன.

அடக்கம் முடிந்த அன்றைக்கு நியெவெஸ் சொன்னாள். "அந்தப் பொம்பளை யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்டி. ஒரு தடவை அவ முகத்தைப் பார்க்கணும்."

ஈஸ்டர் வாரத்தில் மியூசியத்துக்கு ஒரு மெயில் வந்தது. வயாதோலித் அம்மாள். போனைச் சுத்தம் செய்யும்போது போன வருஷத்து வீடியோ கிடைத்ததாம். வழிகாட்டி நன்றாகப் பேசினார், அவருக்குக் கொடுங்கள், நடுவில் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்த தாத்தாவுக்கு எங்கள் வணக்கம் என்று எழுதியிருந்தாள்.

டிக்கெட் ஜன்னல் கம்ப்யூட்டரில் நான்தான் முதலில் திறந்தேன். தனியாக. நல்ல பகல்.

கடைசி வாசல். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். வயாதோலித் அம்மாள் வெயிலில் நின்று, கதவைப் பார்த்து எடுத்திருக்கிறாள். கதவருகில் நியெவெஸ் மட்டும். ஒரு கை சுவிட்சில்.

"யாருங்க கடைசி?" என்கிறாள்.

உள்ளே யாரும் இல்லை. யாரும் பதில் சொல்லவில்லை.

அவள் வாட்சைப் பார்க்கிறாள். தலையைக் கொஞ்சம் சாய்க்கிறாள். பிறகு அவள் உதடு அசைகிறது.

"நான்தான் கடைசி. மூடிடு மகளே."

நியெவெஸின் உதடு. நியெவெஸின் குரல். பதினாறு வருஷமாய்த் தினமும் கேட்கிற எனக்குத் தெரியாதா?

நான் அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தடவை சத்தத்தை முழுசாக ஏற்றினேன்.

அவள் பதில் சொன்ன பிறகு, உள்ளே ரொம்பத் தூரத்தில் இருந்து, தெளிவாக ஒரு கிழவர் கூப்பிடுகிறார்.

"நியெவெஸ்... நான் இருக்கேன்."

அவள் திரும்புகிறாள். அந்தத் திசையை நேராகப் பார்க்கிறாள்.

டக்.